கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கிதாபுகள்: சமூக ஊடகத்தில் நூல் விற்பது எப்படி?

எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாத் ஒருவர் வஃபாத்தாகிச் சில மாதங்கள் கழித்து அவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். மூத்த மகன் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய், கட்டிலின் விரிப்பை உயர்த்திக் காட்டினார். பழுப்புத் தாள் சுற்றிய கட்டுகள் சுவர் வரை அடுக்கியிருந்தன. வாரிசுரிமைச் சட்டமான ஃபராயிளைப் பற்றி எளிய தமிழில் உஸ்தாத் எழுதிய நூல். அச்சிட்டது 1000 பிரதிகள். ஏழு வருடங்களில் வெளியே போனது முந்நூறுக்குச் சற்று அதிகம். அதிலும் பாதி அன்பளிப்பு. அடியில் இருந்த ஒரு கட்டைக் கரையான் தின்றிருந்தது.

"அண்ணே, அத்தா இதுக்கு வாங்குன கடனைப் போன வருஷம்தான் அடைச்சோம். எடைக்குப் போட மனசு வரல. வச்சுக்க இடமும் இல்ல" என்றார்.

அதே ஊரில், சொத்துப் பங்கீட்டுத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். சகோதரிக்கு எவ்வளவு பங்கு என்று தெரியாதவர்களும், தெரிந்தும் கொடுக்காதவர்களும் உண்டு. அவர்களுக்காக எழுதப்பட்ட நூல் மூன்று தெரு தள்ளிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நூலுக்கும் அது தேவைப்படுகிறவருக்கும் இடையே இருக்கும் இந்த மூன்று தெருவைக் கடப்பதற்குப் பெயர்தான் சந்தைப்படுத்துதல். அந்தச் சொல்லைக் கேட்டாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். தீனுடைய நூலை விளம்பரம் செய்வது இக்லாஸுக்கு முரண் என்று எண்ணுகிறோம். சமூக ஊடகத்தில் அதை எப்படிச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முன்னோர் நூலை எப்படிக் கொண்டு சேர்த்தார்கள்?

விளம்பரம் நமக்குப் புதியதல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு வள்ளல்களின் ஆதரவு இருந்தது. அச்சுக் காலம் வந்தபோது பத்திரிகைகள் அந்த வேலையைச் செய்தன. பா. தாவூத்ஷா நடத்திய 'தாருல் இஸ்லாம்' போன்ற இதழ்களைச் சுற்றி ஒரு வாசகர் வட்டமே உருவானது. ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துணி விரித்துக் கிதாபு விற்றவர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். மாநாடு என்றால் பந்தலுக்கு அருகே புத்தகக் கடைகள் இருக்கும். சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் முதன்முதலாக நடந்ததே அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில்தான்.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மக்கள் கூடும் இடத்துக்கு நூல் போனது. இன்று மக்கள் கூடும் இடம் கைப்பேசி. ஜும்ஆ முடிந்து வாசலைக் கடப்பதற்குள் அதை எடுத்துப் பார்த்துவிடுகிறோம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு மண்ணடிக் கடைக்கு வந்து போக வழியில்லை. வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் பள்ளிவாசல் வாசல் கடை எப்போதுமே எட்டாதது. அவர்கள் அனைவரையும் எட்டக்கூடிய ஒரே வாசல் இப்போது அதுதான்.

எந்த ஊடகம் எதற்கு?

எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கி, எல்லாவற்றிலும் ஒரே அட்டைப் படத்தைப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது.

வாட்ஸ்அப்பில் நூல் விற்பவருக்குப் பொருத்தமானது 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி. 2018இல் வந்தது, அடிப்படை வசதிகளுக்குக் கட்டணம் இல்லை. அதிலுள்ள 'கேட்டலாக்' பகுதியில் நூலின் படம், விலை, சிறு குறிப்பு ஆகியவற்றை வைத்துவிட்டால் கேட்பவருக்கெல்லாம் தனித்தனியாக அனுப்ப வேண்டியதில்லை.

'பிராட்காஸ்ட் லிஸ்ட்' வழியாக ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து, தனித்தனிச் செய்தியாக அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே நூல் வாங்கியவரிடம், "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த நூல் வந்தால் சொல்கிறோம்" என்று கேட்டுக்கொள்வது முக்கியம்.

இந்தியாவில் 2023 செப்டம்பரில் அறிமுகமான 'சேனல்' வசதியில், பின்தொடர்பவரின் எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. நடத்துபவரின் எண்ணும் பின்தொடர்பவர்களுக்குக் காட்டப்படாது. வீட்டிலிருந்து நூல் விற்கும் சகோதரிகளுக்கு இது குழுவைவிடப் பாதுகாப்பானது. குழுவில் நூற்றுக்கணக்கான அந்நியர்கள் கையில் எண் போய்விடுகிறது.

முகநூலில் பக்கம் தொடங்கிப் பதிவிட்டால், பின்தொடர்பவர்களில் ஒரு சிறு பகுதிக்கே அது காட்டப்படும். மற்றவர்களுக்கும் போய்ச் சேர வேண்டுமானால் பணம் கட்டச் சொல்லும். கட்டுவதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். மதம் போன்ற நுண்ணிய விஷயங்களை வைத்து விளம்பரத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதிகளை மெட்டா நிறுவனம் 2022 ஜனவரியில் நீக்கிவிட்டது. "முஸ்லிம்களுக்கு மட்டும் காட்டு" என்று சொல்ல முடியாது. ஊர், மொழி, வயது, வாசிப்பு ஆர்வம் ஆகியவற்றைக் கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே யாருக்கான நூல் என்பதை விளம்பரத்தின் வாசகமே சொல்லியாக வேண்டும்.

யூடியூபும் இன்ஸ்டாகிராமும் குரலுக்கும் காட்சிக்கும் உரியவை. முகம் காட்ட விரும்பாதவர் நூலின் பக்கங்களைக் காட்டியபடி குரலில் விளக்கலாம். ஒரு நிமிடத்தில் ஒரு செய்தி போதும்.

அட்டையைக் காட்டாதீர்கள், கேள்வியைக் கேளுங்கள்

உஸ்தாதின் நூலை விற்கும் பொறுப்பை அவருடைய பேத்தி எடுத்துக்கொண்டார். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பெண். முதலில் அவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். அட்டைப் படம், அதன் கீழே "அவசியம் ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் இருக்க வேண்டிய அரிய நூல்" என்ற வாசகம். ஒரு வாரத்தில் யாரும் கேட்கவில்லை. "மாஷா அல்லாஹ்" என்று இருபது பேர் எழுதினார்கள். அவ்வளவுதான்.

பிறகு நூலின் உள்ளே இருந்த ஒரு கணக்கை எடுத்துப் போட்டார்: "ஒருவர் இறந்துவிட்டார். அவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பெற்றோர் உயிருடன் இல்லை. கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றியது போக மீதமுள்ள சொத்தில் யாருக்கு எவ்வளவு?"

அன்றிரவு குழுவே விழித்திருந்தது. ஆளுக்கொரு விடை சொன்னார்கள். மறுநாள் நூலின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து விடையைப் போட்டார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதமுள்ளதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. "எங்க வீட்டுக் கணக்கு வேற மாதிரி. அது புத்தகத்துல இருக்கா?" என்று தனிச் செய்திகள் வரத் தொடங்கின. புத்தகம் அங்கேதான் விற்கத் தொடங்கியது.

இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது எளிது. நூலைப் புகழ்ந்தால் யாருக்கும் அது தேவைப்படாது. அது தீர்க்கும் சிக்கலைக் காட்டினால், அந்தச் சிக்கல் உள்ளவர் தாமாக வருவார். சமையல் நூலாக இருந்தாலும் சிறுவர் கதையாக இருந்தாலும் இதே வழிதான். வாரத்துக்கு இரண்டு பதிவுகள் போதும். ஒரே நாளில் பத்துக் குழுக்களில் ஒரே செய்தியைக் கொட்டினால், நிர்வாகி நீக்கிவிடுவார். பலமுறை கைமாறிய செய்தியை வாட்ஸ்அப்பே ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப விடாது.

பதிவின் முடிவில் நூலின் பெயர், பக்க எண்ணிக்கை, விலை, தபால் செலவு, பணம் கட்டும் வழி, தொடர்பு எண், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற தகவல் ஆகியவை இருக்க வேண்டும். "விலைக்குத் தனிச் செய்தியில் வாருங்கள்" என்று எழுதினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கணக்கையும் பாருங்கள்

உதாரணத்துக்கு ஒரு நூலின் விலை 150 ரூபாய், அச்சுச் செலவு பிரதிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்குக் கழிவு 50 ரூபாய் கொடுத்தால் கையில் நிற்பது 40. நேரடியாக விற்றால் கழிவு மிஞ்சும். ஆனால் உறை, தபால், விளம்பரம் மூன்றும் நம் தலையில் விழும். முகநூலில் 500 ரூபாய்க்கு விளம்பரம் செய்து பத்துப் பிரதிகள் விற்றால், பிரதிக்கு 50 ரூபாய் விளம்பரத்துக்கே போய்விட்டது. இலவசமான வழிகளில் நூலுக்கு வரவேற்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டி விளம்பரம் செய்ய வேண்டும்.

தபாலில் ஒரு நல்ல செய்தி உண்டு. அஞ்சல் துறை 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கானது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் சற்றுத் தாமதமாகும். அதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஈரமான தானியத்தை மேலே வையுங்கள்

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான இந்தச் செய்தி நமக்கெல்லாம் தெரியும். நூல் வியாபாரத்தில் ஈரமான தானியம் எது? பழைய பதிப்பைப் புதிய அட்டையில் விற்பது. மொழிபெயர்ப்பாளர் பெயரை மறைப்பது. 64 பக்க நூலைத் தடித்த புத்தகம்போல் படமெடுத்துக் காட்டுவது. ஒரு மத்ஹபின் சட்டத்தை மட்டும் சொல்லும் நூலை எல்லாருக்குமான நூல் என்று விற்பது. உஸ்தாதின் நூலில் ஒரு பக்கத்தில் அச்சுப் பிழையால் ஒரு பங்கு தவறாக இருந்தது. பேத்தி திருத்தச் சீட்டு அச்சிட்டு ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டி, பதிவிலும் அதைச் சொன்னார். அதனால் விற்பனை குறையவில்லை.

இரண்டாவது, 'நஜ்ஷ்'. வாங்கும் எண்ணமே இல்லாமல், பிறரைத் தூண்டுவதற்காக விலையை உயர்த்திக் கேட்பதற்கு இந்தப் பெயர். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நூலைப் படிக்காத நண்பர்களிடம் சொல்லி ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது, பணம் கொடுத்து லைக் வாங்குவது, "இன்னும் பத்துப் பிரதிகளே உள்ளன" என்று கட்டிலுக்கு அடியில் அறுநூறு பிரதிகளை வைத்துக்கொண்டு எழுதுவது ஆகியவை இதன் இன்றைய வடிவங்கள் என்றே நான் கருதுகிறேன். பணமோ இலவசப் பிரதியோ பெற்றுக்கொண்டு நூலைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றமும் 2021இல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு இதே விதியைத்தான் வகுத்தது.

மூன்றாவது, சத்தியம். சத்தியமிட்டுச் சொல்வது சரக்கை விற்றுக் கொடுக்கும், பரக்கத்தை அழித்துவிடும் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. "வல்லாஹி, இதைப் போன்ற நூல் தமிழில் வந்ததே இல்லை" என்று எழுதுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நான்காவது, முன்பதிவு. இப்போது பல பதிப்பகங்கள் அச்சிடும் முன்பே சலுகை விலையில் பணம் பெற்றுக்கொள்கின்றன. இது 'ஸலம்', 'இஸ்திஸ்னாஃ' ஆகிய வியாபார முறைகளை ஒட்டியது. ஸலமுக்கு அளவும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் விளைச்சலுக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அதன்படி முன்பதிவு அறிவிப்பில் பக்கங்கள், தாள், கட்டமைப்பு, விலை, அனுப்பும் தேதி ஆகியவை இருக்க வேண்டும். தாமதமானால் தெரிவிக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். "இன்ஷா அல்லாஹ் விரைவில்" என்று ஒரு வருடம் இழுத்தடிப்பது அந்த வார்த்தைக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

பிடிஎஃப் என்னும் ஸதகா

இரண்டு மாதத்தில் நான்கு கட்டுகள் தீர்ந்திருந்த நேரத்தில் ஒரு நாள் ஆர்டர்கள் நின்றுபோயின. விசாரித்தபோது, ஒரு சகோதரர் முழு நூலையும் ஸ்கேன் செய்து, "ஸதகா ஜாரியா நிய்யத்தில் பகிர்கிறேன், நீங்களும் பகிருங்கள்" என்று குழுக்களில் போட்டிருந்தார். நானே அவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். தஹஜ்ஜுத் தொழுகிறவர். "இல்மை மறைக்கக் கூடாதே ஹஜ்ரத்" என்றார்.

அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். இல்மை மறைப்பது வேறு, இல்மை அச்சிட்ட தாளுக்கும் உழைப்புக்கும் விலை கேட்பது வேறு. ஸதகா என்பது நம்முடைய பொருளைக் கொடுப்பது. பிறருடைய பொருளை அவர் அனுமதியின்றிக் கொடுத்தால் அதற்கு ஸதகா என்று பெயரில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957, நூலாசிரியர் வாழும் காலமும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமையைக் காக்கிறது. அது வாரிசுகளுக்குப் போகிறது. ஃபராயிள் பற்றிய நூலிலேயே வாரிசுகளின் உரிமை பறிபோகலாமா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

உரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களையும், ஆசிரியரோ பதிப்பகமோ தாமே இலவசமாக வெளியிட்டவற்றையும் தாராளமாகப் பகிரலாம். வாங்க வசதியில்லாத மாணவருக்கு ஒரு பிரதியை வாங்கிக் கொடுக்கலாம். அது உண்மையான ஸதகா. பதிப்பகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். முன்னுரை, பொருளடக்கம், ஓர் அத்தியாயம் ஆகியவற்றை நீங்களே பிடிஎஃப் ஆக வெளியிடுங்கள். படித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இருந்தால் திருட்டுப் பிரதியைத் தேடும் தேவை குறையும்.

நம் வீடுகள் செய்யக்கூடியது

இந்த வேலை பதிப்பகத்தாரால் மட்டும் முடிவதில்லை. நீங்கள் ஒரு நல்ல நூலைப் படித்தால் அதைப் பற்றி நான்கு வரி எழுதிப் பகிருங்கள். பிடித்ததையும், பிடிக்காததையும் எழுதுங்கள். நேர்மையான குறையும் வாசகருக்கு உதவும். பொருத்தமான நூலைப் பொருத்தமான ஆளுக்குத் தனியாக அனுப்புங்கள். நிக்காஹ் ஆகப் போகும் தம்பிக்குத் தாம்பத்தியம் பற்றிய நூல், ஹஜ்ஜுக்குப் போகும் மாமிக்கு வழிகாட்டி நூல். நூறு பேருக்கு ஃபார்வர்டு செய்வதைவிட இது பயன் தரும். உங்கள் வீட்டிலோ மஹல்லாவிலோ ஆலிம் ஒருவர் நூல் எழுதியிருந்தால், கைப்பேசி தெரிந்த பிள்ளை ஒருவரை அவருக்கு உதவியாக அனுப்புங்கள். அவருக்கு எழுதத் தெரியும். ஸ்டேட்டஸ் போடத் தெரியாமல் இருக்கலாம்.

அந்தச் சகோதரர் எல்லாக் குழுக்களிலும் பிடிஎஃபை நீக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பத்துப் பிரதிகளுக்குப் பணம் கட்டி, ஊர் நூலகத்துக்கும் மதரஸாக்களுக்கும் கொடுக்கச் சொன்னார். பரவியது முழுவதும் திரும்பவில்லை. இருந்தாலும் ஆர்டர்கள் மெல்ல மீண்டும் வரத் தொடங்கின.

அப்படி வந்தவற்றில் ஒன்று அதே ஊரிலிருந்து வந்தது. "எங்க அக்காவுக்கு நாங்க இன்னும் பங்கு பிரிச்சுக் கொடுக்கல. அத்தா மவுத்தாகிப் பதினொரு வருஷம் ஆச்சு. உங்க பதிவுல இருந்த கணக்கு எங்க வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கு. ரெண்டு புத்தகம் வேணும், ஒண்ணு எங்க அண்ணனுக்கு" என்று எழுதியிருந்தார். பேத்தி அதை எனக்குக் காட்டினார். தபாலில் அனுப்பவில்லை. மூன்று தெருதானே, அவருடைய அத்தாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு கட்டுகள் இருக்கின்றன. பயனளிக்கும் கல்வி, அதை விட்டுச் சென்றவருக்கு மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும் என்பது நபிமொழி. அது யாரையாவது சென்றடைய வேண்டும், அவ்வளவுதான்.

அல்லாஹ் நம் வியாபாரத்திலும் வாசிப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.